முறுக்கு பாக்கெட்டுக்கும் ஒரு ஜாதகம்!

வீட்டில் முறுக்கு, சீடை செய்து கடைகளுக்குப் போடுபவர்கள் பலர் கம்ப்யூட்டர் வாங்கியதும் பில் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது வேறு ஒன்று. சரக்கு எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எவ்வளவு கெட்டது என்ற கணக்கு.

கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "பாக்கெட்டில் சிக்கு வாடை அடிக்கிறது" என்கிறார் என வைத்துக்கொள்வோம். அதே எண்ணெயில் பொரித்த மற்ற பாக்கெட்டுகள் எந்தெந்தக் கடைகளில் இருக்கின்றன? தெரிந்தால் அவற்றை மட்டும் திரும்ப எடுக்கலாம். தெரியாவிட்டால் எல்லாக் கடைகளிலும் எடுக்க வேண்டும். அதற்குள் யாராவது சாப்பிட்டும் விடுவார்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு. பாக்கெட்டில் பேட்ச் எண் போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

எக்செல்லைத் திறந்து நான்கு ஷீட்டுகள் அமையுங்கள்.

1. கொள்முதல்: தேதி, பொருள், கடை, அந்த டின் அல்லது மூட்டையில் உள்ள லாட் எண்.

2. தயாரிப்பு: உங்கள் பேட்ச் எண், தேதி, பயன்படுத்திய மாவு, எண்ணெய் ஆகியவற்றின் லாட் எண்கள், பாக்கெட் எண்ணிக்கை.

3. விற்பனை: பேட்ச் எண், கடை, எண்ணிக்கை.

4. கழிவு: பேட்ச் எண், எண்ணிக்கை, காரணம்.

ஒவ்வொரு ஷீட்டிலும் தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து, கண்ட்ரோல், ஷிப்ட், எல் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். தலைப்புகளில் சிறிய அம்புக்குறிகள் தோன்றும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே கீகள்தான். தயாரிப்பு ஷீட்டில் எண்ணெய் லாட் எண்ணைத் தேர்வு செய்தால் அதில் செய்த பேட்ச்கள் மட்டும் நிற்கும். அந்த பேட்ச் எண்களை விற்பனை ஷீட்டில் தேர்வு செய்தால் கடைகளின் பட்டியல் தயார்!

கழிவு ஷீட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பேட்சில் 200 பாக்கெட் செய்து, 170 விற்று, 6 கழித்திருந்தால் அலமாரியில் 24 இருக்க வேண்டும். 20 மட்டுமே இருந்தால், நான்கு பாக்கெட் கணக்கில்லாமல் எங்கோ போயிருக்கிறது என்று பொருள். கழிவை எழுதாவிட்டால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பொரித்த எண்ணெயையும் கழிவில் எழுதுங்கள். அதில் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 1.7.2018 முதல் அமலில் உள்ளது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்துபவர்கள் எண்ணெய்க் கணக்கைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

தினமும் வேலை முடிந்ததும் பைலை சேவ் செய்து, பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.