ஒளிந்திருக்கும் இரண்டாவது வழி

நிரந்தரப் பற்களில் மிகச் சிறியது கீழ்த்தாடையின் நடு வெட்டுப்பல். சிறிய பல், ஒற்றை வேர். உள்ளேயும் ஒரே ஒரு குழாய்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ரூட் கனால் சிகிச்சை சில வேளை தோற்றுப்போவது இந்த எண்ணத்தால்தான்.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் இருக்கிறது. அது வேருக்குள் இறங்கிச் செல்லும் பாதையே வேர்க்குழாய். சொத்தையாலோ அடிபட்டதாலோ பற்கூழ் அழுகிவிட்டால், அந்தப் பாதையைச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைக்கிறார்கள். ஒரு பாதை விடுபட்டால் அதிலுள்ள கிருமிகள் அங்கேயே தங்கிவிடும்.

கீழ் வெட்டுப்பல்லின் வேர் உருண்டையானதல்ல. பக்கவாட்டில் தட்டையாகவும், உதட்டுப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை அகலமாகவும் இருக்கும். உள்ளிருக்கும் குழாயும் நாடா போலத்தான். வயது ஏற ஏற உட்சுவரில் டென்டின் படிகிறது. நாடாவின் நடுப்பகுதி அடைபட்டால் ஒன்று இரண்டாகிறது.

இது அரிதான விஷயமல்ல. 1974-இல் பெஞ்சமின், டௌசன் இருவரும் 364 கீழ் வெட்டுப்பற்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 41 சதவீதத்தில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஆனால் இரண்டும் கடைசிவரை பிரிந்தே சென்று தனித்தனித் துவாரங்களில் முடிந்தவை 1.3 சதவீதம் மட்டுமே. பெரும்பாலும் பிரிந்தவை வேர்நுனிக்கு முன்பே மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. 1984-இல் வெர்டூச்சி பற்களுக்குள் சாயமேற்றி, அவற்றைக் கண்ணாடிபோல் ஆக்கிப் பார்த்து, குழாய் அமைப்புகளை எட்டு வகையாகப் பிரித்தார். அவர் கணக்கில் நடு வெட்டுப்பற்களில் 30 சதவீதமும், பக்க வெட்டுப்பற்களில் 25 சதவீதமும் ஒற்றைக் குழாய் வகையைச் சேராதவை. அருகிலுள்ள கோரைப்பல்லில் சிலருக்கு வேரே இரண்டாக இருப்பதுண்டு.

பிறகு ஏன் தவறவிடுகிறார்கள்? பொறியியல் வரைபடம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்தோற்றத்தை மட்டும் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு குழாய்கள் ஒன்றாகத்தான் தெரியும். வழக்கமான பல் எக்ஸ்ரே அத்தகைய முன்தோற்றமே. பக்கத்தோற்றம் வேண்டுமென்றால் கருவியைச் சற்றுச் சாய்த்து இன்னொரு படம் எடுக்கவேண்டும். தேவைப்பட்டால் முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் உதவும்.

இன்னொரு தடையும் உண்டு. மருத்துவர் பல்லை நாக்குப் பக்கத்திலிருந்தே வழக்கமாகத் திறக்கிறார். அங்கிருந்து நுழையும் ஊசி சாய்வாகச் சென்று உதட்டுப் பக்கக் குழாயில் இறங்கிவிடும். நாக்குப் பக்கக் குழாயோ டென்டின் விளிம்பு ஒன்றின் அடியில் மறைந்திருக்கும். திறப்பை அந்தப் பக்கம் சிறிது நீட்டி, அவ்விளிம்பை அகற்றித் தேடினால்தான் அகப்படும்.

இரண்டும் நுனியில் சேர்ந்துவிடுகின்றனவே, ஒன்றைச் சுத்தம் செய்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. விடுபட்ட கிளையில் அழுகிய திசு மிஞ்சியிருந்தால், சேருமிடம் வழியாகவே கிருமிகள் வேர்நுனியை எட்டக்கூடும்.

ரூட் கனால் செய்த கீழ் முன்பல்லில் வலியோ வீக்கமோ திரும்பினால், பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "இரண்டாவது குழாய் இருக்கிறதா என்று சாய்வுப் படம் எடுத்துப் பார்த்தீர்களா?" விடுபட்ட குழாய்தான் காரணமென்றால், மறுசிகிச்சையில் பல் பிழைக்க வாய்ப்பு உண்டு.