நூல் காட்டும் வழி

பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளது என்றால் வசதி. நூலின் ஒரு நுனியைப் பெங்களூரு மீது அழுத்திப் பிடித்து, மறுநுனியை சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுங்கள். தொய்வு நீங்கி விறைத்ததும் பாருங்கள். நூல் பசிபிக் கடலுக்குக் குறுக்கே போகாது. நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, ஆர்க்டிக் கடலோரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். நீளம் 33 சென்டிமீட்டர் வரும். அந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய 425 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 14,000!

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்தால் இந்த வழி அகப்படாது. அத்தகைய படங்கள் பலவற்றுக்கும் மூலமான முறையை மெர்க்கேட்டர் 1569-இல் மாலுமிகளுக்காக வகுத்தார். திசை மாறாமல் கப்பல் ஓட்ட அது உதவும். தூரம் அளக்க உதவாது. அந்தப் படத்தில் பசிபிக் வழியே நேர்கோடு போட்டு அதன்படி பறந்தால் 16,100 கி.மீ. ஆகிவிடும்.

உருண்டையின் மேல் தூரம் என்பது உண்மையில் ஒரு கோணம். பெங்களூரு விமான நிலையம் 13.2 டிகிரி வடக்கு, 77.7 கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ நிலையம் 37.6 வடக்கு, 122.4 மேற்கு. தீர்க்கரேகை வித்தியாசம், கிட்டிய பக்கமாக, 159.9 டிகிரி. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி வையுங்கள். அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் பூமியின் மையத்தில் அமையும் கோணத்தின் கொசைன் கிடைக்கும். கோணம் 125.8 டிகிரி. டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் 13,990 கி.மீ.! பிளஸ் டூ மாணவர் எவரும் போடக்கூடிய கணக்கு இது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதால் சிறு திருத்தம் உண்டு, அவ்வளவுதான்.

ஆனால் விமானம் நூல் பிடித்த வழியிலேயே போவதில்லை. திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர். கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் விமானம் சட்டென்று தாழ இறங்க வேண்டும். அங்கே அதற்கு இடமில்லை. மேலடுக்குக் காற்றின் போக்கையும் பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவம் வழியாகச் சுமார் 16,000 கி.மீ. பறந்து பெங்களூரில் இறங்கியது. எரிபொருள், காற்று, பாதுகாப்பு எல்லாம் சேர்ந்துதான் பாதையைத் தீர்மானிக்கின்றன. கணக்கில் வரும் 13,990 அதற்கான அடிக்கோடு.

அந்த 111.2 எங்கிருந்து வந்தது? தரையில் சங்கிலி போட்டு அளந்த மனிதர்களின் உழைப்பிலிருந்து. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் தொடங்கி, 100 அடி எஃகுச் சங்கிலியால் 12 கி.மீ. அடிக்கோடு ஒன்றை 57 நாள் அளந்தார். தீர்க்கரேகை வழியே வடக்கு-தெற்காக ஒரு டிகிரியின் நீளத்தைத் துல்லியமாக அறிவது அவர் நோக்கங்களில் ஒன்று. அவர் அளக்கத் தொடங்கிய இடம் பரங்கிமலை. சென்னை விமான நிலையம் இன்று அதன் பக்கத்தில்தான் இருக்கிறது.