‘கிஃப்ட்’ என்றால் விஷம்!

“சார், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டு எரியுது. முடி கொத்துக் கொத்தா கொட்டுது. படிச்சது எதுவும் மண்டையில நிக்கலைன்னு அழுவுறா. ஞாபக சக்திக்கு நல்ல லேகியமா ஒண்ணு குடுங்க சார்...”

முத்தாண்டிக்குப்பத்தில் என் கிளினிக்குக்கு வந்த அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் கண் கலங்கிவிட்டது. வயது 24. பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவர். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருக்கிறார். பி-1 தேர்வில் தேறிவிட்டார். பி-2 காலை வாரிவிட்டது. மறுபடி எழுத இரண்டு மாதம் இருந்தது. முந்திரித் தோப்பை அடமானம் வைத்துத்தான் ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள்.

நாடி பார்த்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. தூக்கத்தை விரட்ட தினம் ஆறு டீ! சாப்பாடு பேருக்குத்தான். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 9. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. ரத்தமும் இல்லை, தூக்கமும் இல்லை என்றால் படித்தது எப்படி நிற்கும்? பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்துவதே தூக்கத்தில்தான். இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுப்பதில் டீக்கும் பங்கு உண்டு. எனவே லேகியம் தரவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக் கீரை, நெல்லிக்காய், இரவு பத்தரைக்குப் படுக்கை. டீ இரண்டோடு சரி, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்துக் கூடாது.

(வல்லாரைக்கு நம் வைத்தியத்தில் நல்ல பேர் உண்டு. ஆனால் பரீட்சையில் பாஸ் பண்ண வைக்கும் மாத்திரை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். டேர், டீ, டாஸுக்கு எந்தச் சித்தரும் மருந்து எழுதி வைக்கவில்லை!)

இந்தப் பெண்ணைப் போல் இன்று எத்தனையோ பேர். இந்தியத் தொழில் வல்லுநர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரமாக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. நர்ஸாக முழு அங்கீகாரம் வேண்டுமென்றால் பொதுவாக பி-2 தேற வேண்டும்.

“எதை வச்சும்மா ஜெர்மன் படிக்கிற?” என்று கேட்டேன்.

“இங்கிலீஷை வச்சுதான் சார். நோட்ஸ் எல்லாம் இங்கிலீஷ்லதான் குடுக்குறாங்க.”

அங்கேதான் முடிச்சு என்று எனக்குப் பட்டது. எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் என்னிடம் மூட்டுவலிக்கு வரும் நெய்வேலி டவுன்ஷிப் பெரியவர் ஒருவருக்குத் தெரியும். சுரங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெய்வேலி முதல் சுரங்கத்தின் பக்கெட் வீல் எந்திரங்கள் ஜெர்மன் தொழில்நுட்பம் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த எந்திரங்களுக்காக ஜெர்மன் படித்தவர் அவர். “அனுப்பி வைங்க டாக்டர், சும்மாதானே இருக்கேன்” என்றார். அவர் சொல்லித் தந்ததைக் கேட்டுக் கேட்டு நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

எனக்குக் குளிருது!

ஜெர்மனுக்கு ரத்த உறவு இங்கிலீஷ்தான். ஹவுஸ் அங்கே ஹௌஸ், பிளட் அங்கே ப்ளூட். கை அங்கேயும் ‘ஹாண்ட்’தான். இதை நம்பி மேலே போனால் பள்ளம். ‘கிஃப்ட்’ என்றால் ஜெர்மனில் விஷம்! ‘நோட்’ என்று எழுத்தில் பார்த்து ‘இல்லை’ என்று படித்துவிடாதீர்கள். அது ஆபத்து, அவசரம். ஆஸ்பத்திரி வாசலில் ‘நோட்-ஆவ்ஃப்நாமே’ என்றிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு. ‘வேர்’ என்றால் எங்கே அல்ல, யார். ‘வோ’ என்றால்தான் எங்கே.

உடம்பைப் பற்றிப் பேசும்போது பாருங்கள், நம் தமிழ் எவ்வளவு கை கொடுக்கிறது! இங்கிலீஷ்காரர் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்கிற மாதிரி சொல்வார். அதையே ஜெர்மனில் வார்த்தைக்கு வார்த்தை சொன்னால், நெஞ்சில் ஈரமில்லாத ஆள் என்று தன்னையே திட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சரியான பேச்சு ‘மிர் இஸ்ட் கால்ட்’. ‘மிர்’ என்றால் எனக்கு. எனக்குக் குளிருது, எனக்குத் தலை சுத்துது, எனக்குக் குமட்டுது, எல்லாம் இந்த ‘மிர்’ தான். ‘மிர் டூட் டேர் கோஃப் வே’ என்றால் எனக்குத் தலை வலிக்குது. நான்காம் வேற்றுமை ‘கு’ உருபை நம் பிள்ளைகள் மூன்று வயதிலேயே படித்துவிடுகிறார்கள்!

நீ, நீங்கள் என்ற மரியாதையும் அங்கே உண்டு. ‘டூ’ என்றால் நீ. ‘ஸீ’ என்றால் நீங்கள். எண்பது வயது நோயாளியை ‘டூ’ போட்டால் முகம் சுளிப்பார். சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவதாக நிற்கும். ஆனால் ‘வைல்’ (ஏனென்றால்) போட்டுக் காரணம் சொல்லும்போது நம் தமிழ் மாதிரி கடைசிக்குப் போய்விடும். சர்க்கரை நோய்க்கு அவர்கள் பேரும் சர்க்கரை நோய்தான், ‘ட்சுக்கர்-கிராங்க்-ஹைட்’.

பெண்பிள்ளை மட்டும் அங்கே அஃறிணை, ‘டாஸ் மேட்ஷன்’. அந்தப் பெண்ணுக்கு இது பெரிய குறை. “ஏன், உங்க வீட்டுல ‘பொண்ணு வந்துச்சா’ன்னு கேக்கறதில்லையா?” என்றாராம் பெரியவர்.

மருந்து தரும்போது...

தமிழும் உதவாத இடம் ஒன்று இருக்கிறது. எண்கள். 85-ஐ ‘ஐந்தும் எண்பதும்’ என்பார்கள். காதில் முதலில் விழுவது ஐந்து. அவசரத்தில் 58 என்று எழுதிவிட்டால்? ரத்த அழுத்தக் கணக்கே மாறிவிடும். ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்றால் பாதி எட்டு. இங்கிலீஷ் பழக்கத்தில் எட்டரை என்று நினைப்போம். ஆனால் அது ஏழரை! இன்சுலின் போடும் வேளை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

எழுத்தில் இன்னும் மோசம். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கமா வைப்பார்கள். 1,5 என்றால் ஒன்றரை. 1.000 என்றால் ஆயிரம். பி-2 தேர்வில் மார்க் போனால் திரும்ப எழுதலாம். வார்டில் இது தப்பினால்? அந்தப் பெண்ணுக்கு எண்களை மட்டும் ஒரு வாரம் நடத்தியிருக்கிறார் பெரியவர். தினம் காலையில் அப்பாவுக்கு பி.பி. பார்த்து, அதை ஜெர்மனில் உரக்கச் சொல்லி, பிறகு எழுத வேண்டும்.

உரக்கச் சொல்வது முக்கியம். 1706-ல் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குக்கு வயது 23 தான். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லித்தான் தமிழ் படித்தார். அவருடைய சகா கிரூண்ட்லர் ஒரு படி மேலே போய், 1711-ல் நம் தமிழ் வைத்தியத்தைப் பற்றி ‘மலபாரிஷே மெடிகுஸ்’ என்று ஜெர்மனில் எழுதினார். அந்தக் காலத்தில் ஐரோப்பியர்கள் தமிழை ‘மலபார்’ என்பார்கள். நம் நாடியையும் கஷாயத்தையும் அவர்கள் அத்தனை தூரம் புரிந்துகொண்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

போன வாரம் தாயும் மகளும் வந்தார்கள். ஹீமோகுளோபின் 10.8. முடி கொட்டுவது இன்னும் முழுசாக நிற்கவில்லை. மாத்திரையைத் தொடரச் சொன்னேன். தேர்வுக்கு இன்னும் 12 நாள்.

“எப்படிம்மா இருக்க?” என்று கேட்டேன்.

“மிர் கேட் எஸ் பெஸ்ஸர்.”

“சார்கிட்ட என்னடி உளர்ற?” என்றார் தாய்.

“எனக்குத் தேவலைன்னு சொன்னேம்மா...”