விதைக்குள் உலகைச் சுற்றிய அந்துப்பூச்சி

சிவகாசியிலிருந்து சாத்தூர்ப் பக்கம் போனால் பட்டாசு ஆலைகளைத் தாண்டிக் கரிசல் காடுகள் விரியும். பருத்தி நிற்கும் காலத்தில், இருட்டிய பிறகு அங்கே பறக்கும் ஓர் அந்துப்பூச்சி ஒரு சென்டிமீட்டர் நீளங்கூட இருக்காது. உடல் சாம்பல் கலந்த பழுப்பு. முன்சிறகில் ஒழுங்கற்ற கருந்திட்டுகள். வெள்ளி நிறப் பின்சிறகின் ஓரத்தில் மெல்லிய மயிர்க்குஞ்சம். பகலில் மண்வெடிப்பிலும் சருகடியிலும் ஒடுங்கிவிடும். அதனால் பூச்சியைப் பார்த்தவர்கள் குறைவு. அதன் புழுவைத் தெரியாத பருத்தி விவசாயி இல்லை. அதுதான் இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

பொரிந்ததும் வெள்ளையாக இருக்கும் புழு, வளர வளர இளஞ்சிவப்புப் பட்டைகள் பெறுகிறது. பூவுக்குள் புகுந்தால் இதழ்களை நூலால் கட்டிவிடும். பூ விரியாமல் ரோஜா மொட்டுப்போல் குவிந்து நிற்கும். காய்க்குள் புகுந்தாலோ துளையே மூடிக்கொள்கிறது. வெளியே காய் பச்சைப்பசேலென்று தெரியும், உள்ளே விதை காலியாகிக்கொண்டிருக்கும். இரண்டு விதைகளை ஒட்டி இணைத்து, நடுவில் மாதக்கணக்கில் உறங்கவும் இதற்குத் தெரியும்.

அந்த உறக்கமே இதன் கப்பல் டிக்கெட். குஜராத்தின் பரூச்சில் கிடைத்த பூச்சிகளை வைத்து 1843-ல் பூச்சியியலாளர் சாண்டர்ஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டார். 1906, 1907 வாக்கில் இந்தியப் பருத்தியோடு எகிப்துக்குப் போனது. எகிப்திய விதையோடு 1911-ல் மெக்சிகோ, அங்கிருந்து 1917-ல் டெக்சாஸ். சிறகால் கடந்த தூரத்தைவிட மூட்டைகளில் கடந்த தூரமே அதிகம்.

2002-ல் இந்தியாவுக்கு வந்த, புழுவுக்கான நஞ்சைச் செடியிலேயே கொண்ட பிடி பருத்தி இதை அடக்கும் என்று நம்பினோம். சில ஆண்டுகளிலேயே குஜராத்தில் அந்த நஞ்சைத் தாங்கும் புழுக்கள் தென்பட்டன. அமெரிக்கா வேறு வழியில் வென்றது: பிடி பருத்தியோடு மலட்டுப் பூச்சிகளையும் பறக்கவிட்டு, அறுவடை முடிந்த பருத்திமார்களையும் அழித்து, 2018-ல் இந்தப் பூச்சி ஒழிந்ததாக அறிவித்தது.

நம் காட்டில் முதல் வேலை எளிது. எக்டேருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வையுங்கள். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு 8 பூச்சிகள் வீதம் 3 இரவுகள் தொடர்ந்து விழுந்தால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஐயம் இருந்தால் பூச்சியை ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்திமாரைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அடுப்புக்கென்று அடுத்த விதைப்புவரை காட்டோரம் குவித்து வைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த காய்களுக்குள்தான் அடுத்த பருவத்துப் பூச்சி தூங்குகிறது.