ஆஸ்துமாதானா என்று உறுதிசெய்வது எப்படி? மாறும் மூச்சை அளந்தறியும் முறை

வயதுவந்த ஒருவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் முதலில் எடுக்கப்படுவது பெரும்பாலும் நெஞ்சு எக்ஸ்ரேதான். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் அது தேவையான பரிசோதனையே என்றாலும், ஆஸ்துமாவை உறுதிசெய்ய அது உதவுவதில்லை, ஏனெனில் ஆஸ்துமா உள்ளவரின் எக்ஸ்ரே பெரும்பாலும் குறை எதுவும் காட்டாது. மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நெடுநாள் நீடிக்கும் அழற்சியே ஆஸ்துமா; அந்த அழற்சியால் அக்குழாய்கள் தூசி, குளிர்காற்று, வைரஸ் சளி, உடலுழைப்பு ஆகியவற்றுக்கு அளவுமீறிச் சுருங்கி, பின்னர் தாமாகவோ மருந்தாலோ மீண்டும் விரிகின்றன. இந்தச் சுருக்கம் நாளுக்கு நாள், சில வேளைகளில் மணிக்கு மணி, கூடியும் குறைந்தும் வருவதுதான் நோயின் அடையாளம் என்பதால், அந்த ஏற்ற இறக்கத்தை ஒருமுறையேனும் அளந்து பதிவுசெய்தாக வேண்டும். அளவீடு எதுவும் இல்லாமலேயே நோய்ப்பெயர் சூட்டப்பட்டு இன்ஹேலர் தொடங்கப்படுவது நடைமுறையில் காணப்படும் பெரிய குறை.

நோயாளி சொல்லும் விவரம் முதற்படி. இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சை வெளிவிடும்போது விசில்போல எழும் வீசிங் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வருவதும், இரவிலும் விடியற்காலையிலும் மிகுவதும், இடையில் முற்றிலும் நலமாக உள்ள நாட்கள் வருவதும் ஆஸ்துமாவின் பக்கம் கைகாட்டுகின்றன. இருமல் மட்டுமே இருப்பது, நாள்தோறும் சளி வெளியேறுவது, மூச்சை உள்ளிழுக்கும்போது ஒலி கேட்பது போன்றவை வேறு காரணங்களைத் தேடச் சொல்கின்றன. நலமான நாளில் வந்தவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்புக்கு எதுவும் கேட்காமல் போகலாம். மிகக் கடுமையான திணறலிலும் காற்று போதிய அளவு ஓடாததால் வீசிங் அடங்கிவிடலாம். ஆகவே ஒலி கேட்காததைக் கொண்டு மட்டும் எந்த முடிவுக்கும் வர இயலாது.

அளவீடுகளுள் முதன்மையானது ஸ்பைரோமெட்ரி. லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூச்சுக் கொள்ளளவை அளந்து 1846இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இம்முறையில், 1947இல் பிரான்சின் டிஃபனோ சேர்த்த ஒரு கூறே இன்று ஆஸ்துமாவுக்கு அடிப்படையாக உள்ளது. முழுமையாக இழுத்த மூச்சை வேகமாக ஊதும்போது முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதே அக்கூறு. குழாய் சுருங்கியிருந்தால் முதல் விநாடியின் பங்கு குறையும். மொத்தமாக ஊதிய காற்றில் அது நலமுள்ள வயதுவந்தோரிடம் பொதுவாக 75 முதல் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அடைப்பு தெரிந்தால் சால்புட்டமால் போன்ற விரிப்பு மருந்தைக் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் செய்வர். முதல் விநாடி அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் தாண்டி உயர்ந்தால், எடுத்துக்காட்டாக 1.8 லிட்டர் 2.1 லிட்டரானால், ஏற்ற இறக்கம் கண்முன் நிறுவப்பட்டுவிடுகிறது.

ஆனால் இச்சோதனையைக் குலைக்க ஒரு சிறு கவனக்குறைவே போதும். காலையில் இன்ஹேலரை இழுத்துவிட்டு வருபவரின் குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும் என்பதால், சால்புட்டமாலைக் குறைந்தது 4 மணி நேரமும், ஃபார்மோட்டெரால், சால்மெட்டெரால் வகையிலான நீண்டநேர மருந்துகளை 24 மணி நேரமும், நாளுக்கு ஒருமுறை எடுப்பவற்றை 36 மணி நேரமும் மருத்துவர் சொற்படி தவிர்த்தபின்பே ஊத வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், நலமான நாளில் ஊதினால் ஆஸ்துமா உள்ளவருக்கும் முடிவு இயல்பாகவே வருவது; அத்தகைய ஒற்றை முடிவை வைத்து ஆஸ்துமா இல்லை என்று எழுதிக்கொடுப்பது அவசரம்.

இந்த இடைவெளியை நிரப்புவது பீக் ஃபுளோ மீட்டர் என்னும் விலை குறைந்த கைக்கருவி. காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, அவற்றுள் உயர்ந்ததை இரண்டு வாரம் குறித்துவர வேண்டும். காலையில் 300, மாலையில் 360 என்றால் வேறுபாடு 60, சராசரி 330, மாறுபாடு ஏறத்தாழ 18 சதவீதம். இத்தகைய அன்றாட மாறுபாடுகளின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் அது ஆஸ்துமாவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தொழிற்சாலைத் தூசியோ வேதிப்பொருளோ காரணம் என்ற ஐயம் எழும்போது இக்குறிப்பேட்டுக்கு ஈடில்லை, ஏனெனில் வேலைநாட்களில் அளவு சரிந்து விடுமுறையில் ஏறுவது அதில் அப்படியே பதிவாகிவிடும். பஞ்சாலைத் தொழிலாளரிடம் மட்டும் இதற்கு நேர்மாறான ஒரு தோற்றம் உண்டு: பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் தொடக்க நிலையில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாட்களில் தளர்ந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிடிபடாதபோது, மெத்தாகோலின் என்னும் மருந்தைச் சிறுசிறு அளவாக முகரச் செய்து குழாய்களைத் தூண்டிப் பார்க்கும் சோதனை உள்ளது. முதல் விநாடி அளவு 20 சதவீதம் வீழ்ந்தால் மிகையுணர்வு உண்டு என்று பொருள். ஒவ்வாமைச் சளி உள்ளவர்களிடமும் அது வீழக்கூடும் என்பதால், நோயை உறுதிசெய்வதைவிட இல்லை என்று விலக்குவதற்கே இச்சோதனை அதிகம் பயன்படுகிறது.

மூச்சை விடுத்து அழற்சியையே அளக்கும் போக்கும் அண்மையில் வலுத்துள்ளது. வெளிமூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு நூறு கோடியில் 50 பங்கை எட்டினாலோ, இரத்தத்தில் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இயல்பைத் தாண்டினாலோ, பொருத்தமான அறிகுறிகளோடு சேர்த்து அதையே ஆஸ்துமாவுக்குப் போதிய சான்றாக ஏற்கலாம் என்று 2024இல் வெளியான பிரிட்டன் வழிகாட்டுதல் கூறுகிறது. பிரிட்டனுக்கு இது பொருந்தலாம்; குடற்புழுவும் யானைக்கால் நோயும் நெடுங்காலம் நிலவிய தமிழகத்துக்கு இந்த இரண்டாம் விதியை அப்படியே கொண்டுவருவது சரியாகாது. இதற்கான சான்று தொலைவில் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியின் காசநோய் சானடோரியத்தில் பணியாற்றிய ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றி இயோசினோஃபில் மிகுந்திருந்த ஒரு நோயை 1940இல் விவரித்தனர். யானைக்கால் நோய்ப் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்க, அவற்றுக்கு எதிராக உடல் மிகையாகக் கிளர்ந்தெழுவதே இதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. இரவு இருமல், வீசிங், மூச்சிரைப்பு என அச்சு அசல் ஆஸ்துமா போலவே வரும் இந்நோயில் இயோசினோஃபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000ஐத் தாண்டும். தேவைப்படும் மருந்தோ இன்ஹேலர் அல்ல, மூன்று வாரம் உட்கொள்ளும் டைஎதில்கார்பமசைன் மாத்திரை. நோய் அருகிவருவதாலேயே இளைய மருத்துவர்களின் நினைவிலிருந்து அது நழுவும் வாய்ப்பும் கூடுகிறது.

நடுவயதுக்கு மேல் புதிதாக மூச்சிரைப்பு தொடங்கினால் பீடி, சிகரெட் புகையாலோ ஆண்டுக்கணக்கில் விறகடுப்பின் முன் அமர்ந்ததாலோ வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயையும், படுத்தால் திணறச் செய்யும் இதயச் செயலிழப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் வறட்டு இருமலைத் தரும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டுமருந்துகூட ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால் கண் மருத்துவரின் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

அளக்காமல் பெயரிடுவதன் விளைவை 2017இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் ஆஸ்துமா என்று மருத்துவரால் கூறப்பட்ட 613 பேருக்கு, மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவாறே மீண்டும் மீண்டும் சோதித்ததில் 203 பேரிடம் அப்போது ஆஸ்துமா இருந்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. 12 பேருக்கு இதயத்திலோ நுரையீரலிலோ கவனிக்கப்படாத வேறு கடும் நோய் இருந்தது. இவ்வாறு மருந்தைக் குறைப்பது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது, தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஓராண்டு கழிந்த பின்னும் 181 பேருக்கு ஆஸ்துமா தென்படவில்லை. ஆஸ்துமா சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கும் இயல்புடையது என்பதால் இவர்கள் எல்லோருக்கும் முதலில் தவறான பெயர் சூட்டப்பட்டது என்று சொல்ல முடியாது. பழைய ஸ்பைரோமெட்ரி தாள் கையில் உள்ளவரைப் பற்றி மட்டும் நோய் வந்து அடங்கியது என்று மருத்துவரால் சொல்ல இயலும், தாள் இல்லாதவரைப் பற்றி அவ்வாறு சொல்ல வழியில்லை.