நலன்புரிப் பணிக்கு வட்ஸ்அப் செனல்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது, கந்தப்பளை கடைவீதியில் நாங்கள் சிலர் சேர்ந்து தோட்ட லயங்களுக்கு உலர் உணவுப் பொதிகள் வழங்கினோம். நன்கொடை சேர்த்ததெல்லாம் ஒரு வட்ஸ்அப் குழுவில்தான். பொதி பெற்ற தாயொருவரின் படத்தை யாரோ அதில் போட்டுவிட்டார். படம் தோட்டமெங்கும் சுற்றியது. அடுத்த முறை அந்தத் தாய் வரவில்லை. லயத்துக்கே போனபோதும் வெளியே வரவில்லை.

குழுவில் வேறு தொல்லைகளும் உண்டு. எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். 'மீன் லொறி வந்துவிட்டதா?' என்ற கேள்விகளுக்கிடையே கணக்கு விபரம் காணாமற் போய்விடும்.

இதற்கு மாற்றாக உள்ளது வட்ஸ்அப் செனல். மெட்டா நிறுவனம் 2023 செப்டெம்பரில் இதனை 150க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிவுபடுத்தியது. நிர்வாகிகள் மட்டுமே பதிவிடலாம். பின்தொடர்பவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. நிர்வாகியின் இலக்கமும் தெரியாது என்பதால், உதவி கோருவோருக்கு ஓர் இலக்கத்தை நாமே அறிவிக்க வேண்டும்.

நாங்கள் வாரத்துக்கு ஒரே பதிவுதான் இடுகிறோம்: வந்த பணம், வாங்கிய அரிசி, மா, பற்றுச்சீட்டின் படம், மீதி. பொதிகளின் படம் உண்டு, முகங்கள் இல்லை. செனலை யாரும் பார்க்கலாம். பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை அங்கே ஏற்றவே கூடாது.

செனல் பதிவுகளை 30 நாட்கள் வரையே தனது சேவையகத்தில் வைத்திருப்பதாக அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆகவே எங்கள் பொருளாளர் முதலில் சீஆர் கொப்பியில் எழுதுகிறார். அதன் பிறகுதான் செனலுக்கு.