வெற்றிக் கணக்கும் நற்பேறும்

நுழையும்முன்

போட்டித் தொடர் தொடங்கிய சில நாள்களிலேயே எந்த அணி வலியது, எந்த அணி மெலியது எனத் தீர்ப்புரைப்பது பலரின் இயல்பு. அத்தீர்ப்புகளுள் பல, தொடர் முடியும்போது பொய்த்துவிடுகின்றன. வெற்றிப் பட்டியலில் திறனின் பங்கையும் நற்பேற்றின் பங்கையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலோரப் பாடம்

வடசென்னை உழைப்பாலும் விளையாட்டாலும் அறியப்படும் நிலம். எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் எனத் துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இப்பகுதியின் தெருக்களில் கேரமும் கால்பந்தும் குத்துச்சண்டையும் செழித்து வளர்ந்துள்ளன. இராயபுரத்தை அடுத்த காசிமேட்டில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. தடைக்காலம் முடிந்ததும் படகுகள் மீண்டும் கடலுக்குச் செல்கின்றன.

முதற்பயணத்தில் ஒரு படகு நிறைந்த மீன்பாட்டுடன் திரும்பலாம். அதே திசையில் சென்ற மற்றொரு படகு டீசல் செலவுக்கும் போதாத மீனுடன் திரும்பலாம். இதனைக் கொண்டு முன்னவர் தொழில் தேர்ந்தவர், பின்னவர் தேராதவர் என முடிவு செய்ய இயலுமா? காற்றும் நீரோட்டமும் மீன்கூட்டம் நகரும் திசையும் படகோட்டியின் கட்டுப்பாட்டில் இல்லாதவை. பல பயணங்களின் மீன்பாட்டைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவருடைய கடலறிவு புலப்படும். விளையாட்டுத் தொடரின் தொடக்கக் கணக்கும் இத்தகையதே.

நாணயம் கற்பிக்கும் உண்மை

40 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் 10 முறை சுண்டுவதாகக் கொள்வோம். ஒருவருக்கு 7 அல்லது அதற்கு மேற்பட்ட முறை தலை விழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 17 விழுக்காடு. எனவே, அவ்வகுப்பில் ஏழு பேரளவில் இந்நிலையை அடைவர் என எதிர்பார்க்கலாம். அவர்கள் நாணயம் சுண்டுவதில் வல்லவர்கள் என எவரும் பாராட்டுவதில்லை. ஆயின், 10 ஆட்டங்களில் 7 வென்ற அணியை உடனே வல்லமை மிக்கது என்கிறோம்.

அதே மாணவர்கள் நாணயத்தை 100 முறை சுண்டினால், 70 முறை தலை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் வாய்ப்பதரிது. எண்ணிக்கை பெருகப் பெருகத் தற்செயலின் செல்வாக்கு குறைகிறது. தொடரின் தொடக்கத்தில் ஆட்டங்கள் சிலவே; ஆதலால், அங்கே தற்செயலின் குரல் ஓங்கி ஒலிக்கிறது.

ஓர் ஓட்டத்தின் எடை

தற்செயல் மிகுதியாக நுழையும் இடம், மிகக் குறைந்த வேறுபாட்டில் முடியும் ஆட்டமாகும். பத்து ஓட்ட வேறுபாட்டில் வென்றாலும் ஓர் ஓட்டத்தில் வென்றாலும் பட்டியலில் அது ஒரே வெற்றிதான். அடிபந்தாட்டம் எனப்படும் பேஸ்பால் இதனை நன்கு காட்டுகிறது. அமெரிக்கப் பெருந்தொடரில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவ்விளையாட்டின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த பில் ஜேம்ஸ், ஓர் அணியின் வலிமையை அறிய எளிய கணக்கொன்றை வகுத்தார். அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அவ்வணி பெறத்தக்க வெற்றி விகிதம் ஏறத்தாழக் கிடைக்கும். வர்க்கங்கள் இடம்பெறுவதால் இது பித்தாகரசின் பெயரால் வழங்கப்படுகிறது.

2012ஆம் ஆண்டு பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 712 ஓட்டங்கள் எடுத்து, 705 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தது. இக்கணக்கின்படி அது 82 வெற்றிகளைப் பெற்றிருக்க வேண்டும், பெற்றதோ 93. ஓர் ஓட்ட வேறுபாட்டில் முடிந்த ஆட்டங்களில் 29இல் வென்று 9இல் மட்டுமே தோற்றமை இதற்குக் காரணம். மறு ஆண்டு அத்தகைய ஆட்டங்களில் 20 வெற்றியும் 31 தோல்வியும் கிட்டின. மொத்த வெற்றி 85ஆகக் குறைந்தது. நெருக்கமான ஆட்டங்களை வெல்வது அவ்வணியின் நிலைத்த இயல்பாக இருந்திருப்பின், ஓராண்டில் இத்துணை மாறியிருக்காது.

சென்னை அணியின் 2010

தமிழகம் நன்கறிந்த சான்று, 2010ஆம் ஆண்டின் இந்தியன் பிரீமியர் லீக் தொடராகும். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி முதல் 7 ஆட்டங்களில் 2இல் மட்டுமே வென்றது. அணியின் காலம் முடிந்தது என்று எண்ணுதற்கு அது போதுமானதாகத் தோன்றும். ஆனால், சம வலிமையுள்ள எதிரிகளுடன் ஆடும் அணி, 7 ஆட்டங்களில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ வெல்வதற்கான நிகழ்தகவு 23 விழுக்காடு. அஃதாவது, குறையேதும் இல்லாத அணிகளுள்ளும் நான்கில் ஒன்றளவுக்கு இந்நிலை நேரலாம்.

ஐந்து தோல்விகளும் நற்பேறின்மையால் வந்தவை அல்ல. தெளிவாகத் தோற்ற ஆட்டங்களும் அவற்றுள் உண்டு. எனினும், மார்ச் 21 அன்று பஞ்சாப் அணியுடன் சென்னையில் நடந்த ஆட்டம் வேறுவகையானது. இரு அணிகளும் 136 ஓட்டங்களே எடுத்தன. சூப்பர் ஓவரில் பஞ்சாப் வென்றது. ஓட்டக் கணக்கு சமம் என்றது. புள்ளிப் பட்டியலோ ஒன்றுக்கு இரண்டும் மற்றொன்றுக்குச் சுழியும் அளித்தது.

ஏப்ரல் 18 அன்று தரம்சாலாவில் அதே பஞ்சாப் அணியை வென்றால்தான் அரையிறுதிக்கு வழியுண்டு என்னும் நிலை ஏற்பட்டது. இலக்கு 193. கடைசி ஓவரில் 16 ஓட்டங்கள் தேவைப்பட்டன. தலைவர் மகேந்திரசிங் தோனி 29 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 54 ஓட்டங்கள் குவிக்க, 2 பந்துகள் எஞ்சியிருக்கையில் சென்னை வென்றது. 14 ஆட்டங்களில் 7 வெற்றி, 14 புள்ளிகள். இதே புள்ளிகளை மேலும் மூன்று அணிகள் பெற்றிருந்தன. அரையிறுதியில் எஞ்சியிருந்த இடங்களோ இரண்டு. ஓவருக்கு எடுத்த ஓட்டங்களுக்கும் கொடுத்த ஓட்டங்களுக்கும் உள்ள வேறுபாடான நிகர ஓட்ட விகிதத்தில் அந்நால்வருள் சென்னை முதலிடம் பெற்றது. ஏப்ரல் 25 அன்று இறுதியாட்டத்தில் மும்பையை 22 ஓட்டங்களில் வென்று கோப்பையை ஏந்தியது.

இங்கு எண்ணிப் பார்க்க வேண்டுவதொன்று உண்டு. சமனில் முடிந்த ஆட்டம் மறுபக்கம் சாய்ந்திருப்பின் சென்னைக்கு 16 புள்ளிகள். தரம்சாலா ஆட்டம் கைநழுவியிருப்பின் 12 புள்ளிகளுடன் வெளியேற்றம். வீரர்களும் பயிற்சியும் திறனும் அவையே. சில பந்துகளின் போக்கே அவ்வணிக்கு ‘வாகையர்’ என்ற பெயரைத் தந்தது. ‘தோற்றவர்’ என்ற பெயரையும் தந்திருக்கக்கூடும். நற்பேறு ஒருமுறை எடுத்ததைக் கட்டாயம் திருப்பித் தரும் என்னும் விதி எதுவுமில்லை. தோல்விக்குப்பின் ஆடும் ஆட்டங்களில் திறன் தன் வேலையைச் செய்ய வாய்ப்புண்டு என்பதே உண்மை.

தீர்ப்பில் நிதானம்

விளையாட்டு விதிகளே இவ்வுண்மையை ஏற்று அமைந்துள்ளன. கேரம் போட்டியில் ஒரே பலகையைக் கொண்டு வெற்றி அறிவிக்கப்படுவதில்லை. 25 புள்ளிகள் அல்லது 8 பலகைகள் கொண்டது ஓர் ஆட்டம். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவரே வெற்றியாளர். முதற்பலகையில் காய்கள் சிதறிய விதத்தால் பின்தங்கியவரும் மீண்டெழ இம்முறை இடமளிக்கிறது. வடசென்னை வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலக வாகையர் பட்டம் வென்றது, இத்தகைய நீண்ட சோதனைகளைக் கடந்தேயாகும்.

ஓர் அணியின் தொடக்கக் கணக்கைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. ஆடிய ஆட்டங்கள் எத்தனை? வெற்றி தோல்விகளின் வேறுபாடு எவ்வளவு? எதிர்கொண்ட அணிகளின் வலிமை எத்தகையது? விடையறியாமல் தீர்ப்பளித்தால், பயிற்றுநர் பதவி இழக்கிறார். ஒரே தேர்வாட்டத்தில் சறுக்கிய இளைஞன், மறுவாய்ப்பின்றித் திரும்புகிறான். சுவரில் பட்டு விலகிய ஒரு பந்து, ஒருவனது எதிர்காலத்தின் அளவுகோலாகிவிடக் கூடாது.

வள்ளுவர் ஊழ் என்றோர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை மறந்து மற்றொன்றைப் போற்றுவது முழுமையான பார்வை ஆகாது. வென்றவர் பணிவு கொள்ளவும் தோற்றவர் முயற்சி கைவிடாதிருக்கவும், வெற்றிக் கணக்கில் நற்பேற்றின் பங்கை அறிதல் துணைசெய்யும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அணியின் அண்மைக்கால ஆட்டங்களை, நெருக்கமாக முடிந்தவை, தெளிவாக முடிந்தவை என இருவகைப்படுத்திப் பட்டியலிடுக.

2. ‘ஒரே தேர்வைக் கொண்டு ஒருவரின் திறனை அளவிடலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.